எஞ்சின் ரீமேப்: கணினியில் மாறும் எண்களும் கொழும்பின் பெற்றோலும்

கொழும்பில் வேகமான கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடமெல்லாம் ரீமேப், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் எண்களைத் திருத்துவது, என்ற பேச்சு அடிபடுகிறது. ஒருவர் அதனால் 50 குதிரைவலு கூடியது என்கிறார். இன்னொருவர் தன் மைத்துனருடைய எஞ்சின் அதனாலேயே உடைந்தது என்கிறார். மூன்றாமவர், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் வாங்கிய சிறு பெட்டி ஒன்றை அக்சலரேட்டர் வயரில் செருகிவிட்டு, ரீமேப் செய்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். முதல் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மூன்றாமவர் செய்தது ரீமேப்பே அல்ல. ஆனால் மூவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், கேட்டுக்கொண்டிருக்கும் புதியவர் ரீமேப் என்பது ஒரு மந்திரம் என்றோ, எஞ்சினுக்கு வைக்கும் வேட்டு என்றோ முடிவுக்கு வந்துவிடுகிறார்.

கார் ஓட்டத் தெரிந்தும், பொனட்டைத் திறந்தால் எது எதுவென்று தெரியாதவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதில் நான் விளக்க விரும்புவது ஒன்றைத்தான். ரீமேப் எஞ்சினுக்குள் புதிதாக எதையும் கொண்டுவந்து வைப்பதில்லை. உள்ளே போகும் காற்றும், தாங்கியில் இருக்கும் பெற்றோலும், உலோகப் பாகங்களின் உறுதியும் எவ்வளவுக்கு இடம் கொடுக்கின்றனவோ அவ்வளவையே அது வெளியே எடுக்கிறது. ஆகவே ஜப்பானிலோ ஜேர்மனியிலோ சரியாக இருந்த மேப் கொழும்பிலும் சரியாக இருக்கும் என்று எவரும் கண்ணை மூடிக்கொண்டு உறுதி சொல்ல முடியாது.

கணினிக்குள் இருக்கும் பட்டியல்

பழைய கார்களில் பெற்றோலின் அளவைக் காபரேட்டரின் சிறு துளைகளும், தீப்பொறி விழும் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த சுருள்வில்களும் தீர்மானித்தன. 1979 இல் போஷ் நிறுவனத்தின் மோட்ரொனிக் முறைமை பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்தபோது, இந்த இரண்டு வேலைகளையும் ஒரே டிஜிட்டல் கணினி ஏற்றுக்கொண்டது. இன்று ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் இந்தக் கணினி இருக்கிறது. அதை ஈ.சி.யு. என்று சொல்கிறோம்.

ஈ.சி.யு. எப்படித் தீர்மானிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, புறக்கோட்டைக்கும் பாணந்துறைக்கும் இடையே ஓடும் 100 ஆம் இலக்க பஸ்ஸின் கட்டணப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும் இடம் ஒரு பக்கத்திலும் இறங்கும் இடம் மறு பக்கத்திலும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் கட்டணம் இருக்கும். கொண்டக்டர் ஒவ்வொரு பயணிக்கும் தூரத்தை அளந்து கணக்குப் போடுவதில்லை, கட்டத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குகிறார். கட்டணம் திருத்தப்படும்போது பஸ்ஸும் பாதையும் மாறுவதில்லை. கட்டங்களுக்குள் இருக்கும் எண்கள் மட்டுமே மாறுகின்றன.

ஈ.சி.யு.வின் பட்டியலில் ஒரு பக்கம் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்பது. மறு பக்கம் எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்பது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், எத்தனை பாகை முன்னதாகத் தீப்பொறி விழ வேண்டும் என்றோ, காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவை எந்த அளவில் இருக்க வேண்டும் என்றோ ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட ஒரு பட்டியலே மேப். தற்காலக் கார் ஒன்றின் ஈ.சி.யு.வில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றில் சிலவற்றின் எண்களைத் திருத்தி எழுதுவதே ரீமேப்.

பஸ் கட்டணத்திலிருந்து ஓரிடத்தில் மட்டும் இது வேறுபடுகிறது. இரண்டு கட்டங்களுக்கு இடையில் நிற்கும்போது ஈ.சி.யு. இரண்டையும் பார்த்து நடுவில் ஓர் எண்ணைக் கணித்துக்கொள்ளும். 3,000 சுற்றில் 24 பாகை, 3,500 சுற்றில் 26 பாகை என்று எழுதியிருந்தால், 3,250 சுற்றில் அது 25 பாகையை எடுத்துக்கொள்ளும். 6,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு செக்கனுக்கு 200 தடவை தகனம் நிகழ்கிறது; ஒவ்வொரு தடவைக்கும் இந்தக் கணிப்பு நடந்தாக வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஈ.சி.யு. பட்டியலைப் பார்த்து நடக்கிறது, பட்டியலே மேப், மேப்பின் எண்களை மாற்றுவதே ரீமேப். இனி, அந்த எண்கள் எதைக் கட்டுப்படுத்துகின்றன என்று பார்ப்போம்.

காற்று எவ்வளவோ, பெற்றோல் அவ்வளவு

2 லீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பங்கு அரை லீற்றர். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில், கடல்மட்டத்தில், அரை லீற்றர் காற்றின் நிறை சுமார் 0.58 கிராம். 1 கிராம் பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஆகவே ஒரு சிலிண்டர் நிறையக் காற்று வந்தாலும், ஒரு தடவைக்கு அதனால் எரிக்கக்கூடிய பெற்றோல் சுமார் 40 மில்லிகிராம்தான். அதற்கு மேல் எவ்வளவு தெளித்தாலும் எரிவதற்கு ஒட்சிசன் இல்லை. பெற்றோலைக் கூட்டினால் வலு தானாகக் கூடும் என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

இருந்தாலும், அக்சலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது ஈ.சி.யு. சற்றுக் கூடுதலாகவே தெளிக்கும், காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம் 14.7 இலிருந்து 12.5 இன் அயலுக்கு இறங்கும். இதைச் செறிந்த கலவை என்போம். உள்ளே வந்த ஒட்சிசன் முழுவதும் பயன்பட வேண்டும் என்பது ஒரு காரணம். ஆவியாகும் பெற்றோல் வெப்பத்தை உறிஞ்சித் தகன அறையைக் குளிர்விக்கும் என்பது மற்றொன்று. இதற்கு எதிரானது ஐதான கலவை. முழுச்சுமையில் கலவை ஐதானால் வெப்பம் கூடி, சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் சேதமடையும்.

இதே எஞ்சின் நுவரெலியாவுக்குப் போனால், சுமார் 1,870 மீற்றர் உயரத்தில், குளிர் சற்று ஈடுசெய்த பிறகும் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத கார் அங்கே சோர்ந்துபோவதற்குக் காரணம் அதுவே. எந்த மேப்பாலும் அந்தக் காற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

தீப்பொறி விழும் கணம்

தீப்பொறி விழுந்தவுடனே கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. பிளக்கின் முனையில் பிறக்கும் சுவாலை சிலிண்டரின் சுவர் வரை பரவுவதற்கு நேரம் வேண்டும். அதற்குள் பிஸ்டனும் நகர்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுந்துவிட வேண்டும். எத்தனை பாகை முன்னதாக விழுகிறது என்பதைத் தீப்பொறி முற்படுத்தல் என்கிறோம். 4,000 சுற்றில், பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டு ஒரு மில்லிசெக்கனில் 24 பாகை சுழல்கிறது. எனவே 25 பாகை முற்படுத்தல் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் முன்னதாகப் பொறி விழுவது.

பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 15 பாகை இறங்கும் இடத்தில் சிலிண்டருக்குள் அமுக்கம் உச்சத்தை அடைந்தால், கிராங்க் தண்டுக்கு மிகுந்த பயன் கிடைக்கிறது. பொறி தாமதமாக விழுந்தால், இறங்கிக்கொண்டிருக்கும் பிஸ்டனை அமுக்கம் துரத்திக்கொண்டு போகும். எரிந்த வாயுவின் வெப்பம் வேலையாக மாறாமல் புகைக்குழாய் வழியே வீணாகும். மிக முன்னதாக விழுந்தால், ஏறி வரும் பிஸ்டனையே அமுக்கம் எதிர்த்துத் தள்ளும். எனவே ஒவ்வொரு கட்டத்துக்கும் சிறந்த எண் ஒன்று உண்டு. அதைத் தாண்டிக் கூட்டினால் வலு குறையும். பாகையைக் கூட்டக் கூட்ட வலுவும் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்து எழுதப்பட்ட மேப்கள் பல எஞ்சின்களைக் கெடுத்திருக்கின்றன.

இங்கே இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. முறுக்கம் என்பது தண்டைத் திருப்பும் விசையின் விளைவு. அது நியூட்டன் மீற்றரில் அளக்கப்படுகிறது. வலு என்பது அந்த முறுக்கம் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பது. 5,000 சுற்றில் 300 நியூட்டன் மீற்றர் முறுக்கம் தரும் எஞ்சினின் வலு சுமார் 157 கிலோவாற்று, அதாவது ஏறத்தாழ 214 குதிரைவலு. அதே 300 நியூட்டன் மீற்றரை 6,000 சுற்றிலும் குறையவிடாமல் பிடித்து வைத்தால் வலு 256 குதிரைவலு ஆகிறது. ரீமேப்பில் உச்ச வலு கூடுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்: உயர்ந்த சுற்றுகளில் முறுக்கம் விழுந்துவிடாமல் தாங்கப்படுகிறது.

நொக் என்னும் எல்லை

சிறந்த எண்ணை எல்லாக் கட்டங்களிலும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றலாம். நடைமுறையில், அதிகச் சுமையில் அந்த எண்ணை எட்டுமுன்பே நொக் குறுக்கிடுகிறது.

சுவாலை பரவிக்கொண்டிருக்கும்போது, அது இன்னும் வந்து சேராத ஓரத்தில் எஞ்சியிருக்கும் கலவை, ஏறும் அமுக்கத்தையும் வெப்பத்தையும் தாங்காமல் தானாகவே ஒரே கணத்தில் பற்றிக்கொள்வதே நொக். மேட்டில் உயர்ந்த கியரில் மிதிக்கும்போது பழைய கார்களில் கேட்கும் அந்த உலோகத் தட்டல் ஓசை இதுதான். அமுக்க அலைகள் சிலிண்டருக்குள் மோதித் திரும்பும்போது பிஸ்டனின் விளிம்பும் ரிங் பொருந்தியிருக்கும் பகுதியும் அடிவாங்குகின்றன. இலேசான நொக்கை எஞ்சின் சில தடவை பொறுத்துக்கொள்ளும். பலமான நொக் சில செக்கன்களிலேயே பிஸ்டனை உடைத்துவிடும். மைத்துனரின் எஞ்சின் உடைந்த கதைகளில் பெரும்பாலானவற்றின் பின்னணி இதுவே.

எஞ்சினின் உடலில் பொருத்தப்பட்டிருக்கும் நொக் உணரி இந்த அதிர்வைக் கேட்டு ஈ.சி.யு.வுக்குச் சொல்லும், ஈ.சி.யு. உடனே தீப்பொறியைச் சில பாகைகள் பின்னுக்கு இழுத்து, பிறகு மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவரும். இது அபாய வேளையில் உதவும் காவல். நாள் முழுதும் இந்தக் காவலிலேயே தங்கியிருக்கும்படி எழுதப்படும் மேப் நல்ல மேப் அல்ல.

92, 95, 100

நொக்கை எதிர்த்து நிற்கும் திறனையே ஒக்டேன் எண் குறிக்கிறது. பெற்றோலுக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. ஒக்டேன் 92 போதும் என்று வடிவமைக்கப்பட்ட சிறிய காருக்கு 95 அடிப்பதால் வேகம் கூடாது, செலவுதான் கூடும். ஆனால் 95 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கும் எஞ்சினுக்கு 92 அடித்தால் நொக் உணரி விழித்துக்கொள்ளும், தீப்பொறி பின்வாங்கும், வலு குறையும், புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சூடேறும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு தனிப் பரிமாணம் உண்டு. இங்கே ஓடும் வேகமான கார்களில் பெரும்பங்கு ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை: லான்சர் எவலூஷன், சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்., சிவிக் டைப் ஆர் போன்றவை. அங்கே இவற்றுக்கு அடிக்கப்படும் உயர் ஒக்டேன் பெற்றோல் 98 முதல் 100 வரை இருக்கும். ஆலையில் எழுதப்பட்ட மேப்பும் அதை நம்பியே எழுதப்பட்டது. நமது பெற்றோல் ஷெட்களில் வழக்கமாகக் கிடைக்கும் உயர்ந்த ரகம் 95. ஆகவே இப்படிப்பட்ட கார் ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் நாளிலேயே அதன் மேப்புக்கும் பெற்றோலுக்கும் பொருத்தம் தவறிவிடுகிறது. உரிமையாளர் எதையும் மாற்றாவிட்டாலும், அவருடைய ஈ.சி.யு. ஒவ்வொரு தடவை முழுதாக மிதிக்கும்போதும் எண்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

இணையத்தில் அமெரிக்கர்கள் 91, 93 என்று எழுதுவதைக் கண்டு, நம்முடைய 95 அதைவிட உயர்ந்தது என்று மகிழ்வதும் தவறு. அவர்கள் பயன்படுத்தும் அளவுமுறை வேறு. அவர்களுடைய 93 நம் அளவில் ஏறத்தாழ 98. அவர்களுடைய 91 தான் நம் 95 க்கு அருகில் வரும். அமெரிக்காவின் 93 க்காக எழுதிய மேப் ஒன்றை வாங்கி இங்கே ஏற்றினால், நொக்கை விலைகொடுத்து வாங்குவதாகவே முடியும்.

சுருங்கச் சொன்னால், காற்று எவ்வளவு பெற்றோலை எரிக்கலாம் என்று வகுக்கிறது. தீப்பொறியின் நேரம் அதிலிருந்து எவ்வளவு பயன் எடுக்கலாம் என்று வகுக்கிறது. ஒக்டேன் எண் அந்த நேரத்தை எவ்வளவு முன்னுக்குக் கொண்டுவரலாம் என்று எல்லை போடுகிறது.

ஆலை ஏன் மிச்சம் வைக்கிறது

ஆலையிலுள்ள பொறியியலாளர்களுக்குத் தெரியாததை கராஜில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டாரா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆலை ஒரு மேப்பை இலட்சக்கணக்கான கார்களுக்காக எழுதுகிறது. பனியிலும் பாலைவனத்திலும், நல்ல பெற்றோலிலும் தரம் குறைந்த பெற்றோலிலும், சேர்விஸ் தவறவிடும் உரிமையாளரின் கையிலும் அந்தக் கார் ஓட வேண்டும். புகை விதிகளுக்கும் உத்தரவாதக் காலத்துக்கும் கட்டுப்பட வேண்டும். ஒரே எஞ்சினை இரண்டு விலைகளில் விற்பதற்காகக் குறைந்த விலைக் காரின் வலுவை மேப்பிலேயே கட்டி வைப்பதும் உண்டு. 1989 முதல் 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உள்நாட்டில் விற்கும் கார்களின் வலுவை 280 குதிரைவலுவுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று இருந்தன. ரீமேப் செய்பவர் இந்த மிச்சத்தில் ஒரு பங்கை எடுக்கிறார். அதைச் செய்யும்போது, ஆலை எந்த நிலைமைகளுக்காக அந்த மிச்சத்தை வைத்ததோ அந்த நிலைமைகளைக் கவனிக்கும் பொறுப்பும் உரிமையாளரிடம் வந்து சேர்கிறது.

டர்போ உள்ளதும் இல்லாததும்

டர்போ என்பது வெளியேறும் வாயுவின் வேகத்தால் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி. அதன் அமுக்கத்தை ஈ.சி.யு. கட்டுப்படுத்துவதால், மேப்பை மாற்றிக் காற்றையே கூட்ட முடியும். எனவே டர்போ கார்களில் 20 முதல் 30 சதவீதம் வரை வலு கூடுவது பொதுவானது. டர்போ இல்லாத காரில் காற்றைக் கூட்ட வழியில்லை. 5 முதல் 10 சதவீதம் கிடைத்தால் அதுவே நல்ல பலன். 2 லீற்றர் டர்போ இல்லாத எஞ்சினில் மேப்பால் மட்டும் 50 குதிரைவலு கூட்டித் தருவதாக எவராவது சொன்னால், அவரிடம் காரை விடாதீர்கள்.

கொழும்பில் டர்போ கார்களுக்கு வெப்பம் பெரிய எதிரி. அமுக்கப்பட்ட காற்று சூடாகும். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் உண்டு. டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் அது எஞ்சினின் மேலேயே, பொனட்டில் இருக்கும் திறப்புக்குக் கீழே அமர்ந்திருக்கிறது. காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை ஊர்ந்து வந்தால், அந்தத் திறப்பில் காற்றே புகாது; கீழிருந்து எஞ்சினின் சூடு மட்டும் ஏறும். அந்த நிலையில் திடீரென்று முழுதாக மிதித்தால், நொக்குக்கு அதைவிட வசதியான சூழல் வேறில்லை. நம் ஊருக்கு எழுதப்படும் மேப்பில், உள்வரும் காற்றின் வெப்பம் ஏறும்போது தீப்பொறியையும் டர்போ அமுக்கத்தையும் குறைக்கும் பட்டியல்கள் கவனமாகத் திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

சீரான ஓட்டம்

வலுவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னுடைய கருத்தில், கொழும்பில் ஓடும் காருக்கு ரீமேப் தரும் பெரிய நன்மை சீரான ஓட்டம்தான். 250 குதிரைவலுவைப் பயன்படுத்த அதிவேக நெடுஞ்சாலையிலும் இடமில்லை. அங்கேயும் எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். ஆனால் 1,500 முதல் 3,000 சுற்றுக்குள் எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒவ்வொரு சந்தியிலும் உணர்கிறோம்.

தற்காலக் கார்களில் அக்சலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கேபிள் இல்லை. மிதியிலுள்ள உணரி எவ்வளவு மிதிக்கப்பட்டது என்று ஈ.சி.யு.வுக்குச் சொல்கிறது, எவ்வளவு காற்றை விடுவது என்பதை ஈ.சி.யு. இன்னொரு பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. சில கார்களில் மிதியின் முதல் கால்பங்கிலேயே பாதிக்கு மேல் திறந்துவிடும்படி எழுதப்பட்டிருக்கும். விற்பனைக் கூடத்திலிருந்து வெளியே வரும் முதல் சில நிமிடங்களுக்கு அது வலுவாகத் தோன்றும். நெரிசலில் கார் குதித்துக் குதித்து ஓடும். இந்தப் பட்டியலை மிதிக்கு ஏற்ற அளவில் படிப்படியாக ஏறும்படி திருத்தினால், அதே கார் வேறொரு காராக நடந்துகொள்ளும். அக்சலரேட்டர் வயரில் செருகும் சிறு பெட்டி செய்வது இதற்கு நேர் எதிரானது. 30 சதவீதம் மிதித்ததை 60 சதவீதம் என்று ஈ.சி.யு.வுக்குப் பொய் சொல்கிறது, அவ்வளவே. முழுதாக மிதித்தால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலு ஒன்றுதான்.

சீரின்மைக்கு வேறு காரணங்களும் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எண்கள் திடீரென்று தாவினால் காரும் தாவும். டர்போ அமுக்கம் ஒரே அடியாக எழுந்தால் வளைவின் நடுவில் சில்லுகள் பிடி விடும். ரீமேப் செய்பவரான டியூனர் நல்லவரென்றால், மேப்பை ஒரு மேற்பரப்பாக வரைந்து பார்ப்பார். கூரிய மேடுகளும் பள்ளங்களும் இல்லாமல் சரிவுகள் ஒன்றோடொன்று கலந்து போக வேண்டும். ஆனால் பழைய பிளக்கும், பலமிழந்த கொயிலும், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைபட்டிருப்பதும் தரும் தடுமாற்றத்தை மேப்பால் மறைக்க முடியாது. அவற்றை முதலில் மாற்ற வேண்டும்.

ரோலரின் மேல்

மேப்பைத் திருத்தும் வேலை டைனோவில் நடப்பது நல்லது. டைனோ என்பது சில்லுகளை உருளைகளின் மேல் ஓடவிட்டு முறுக்கத்தை அளக்கும் கருவி. ஜப்பானிலிருந்து வந்த டபிள்யூ.ஆர்.எக்ஸ். ஒன்றுக்கு இந்த வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காரை நான்கு பக்கமும் பட்டிகளால் கட்டி, முன்னால் ஆளுயர விசிறி ஒன்றை வைத்திருந்தார்கள். புகைக்குழாயில் காற்று எரிபொருள் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் ஒட்சிசன் உணரி பொருத்தப்பட்டிருந்தது.

“நானா, எத்தனை குதிரை கூடும்?” என்று காரின் சொந்தக்காரர் கேட்டார். “அத விடுங்க. என்ன பெற்றோல் அடிக்கிறீங்க, அதச் சொல்லுங்க முதல்ல,” என்றார் டியூனர். என் பார்வையில் அவர் நல்ல டியூனர் என்பதற்கு அந்தக் கேள்வியே போதும்.

முதல் ஓட்டம் ஆலையின் மேப்பிலேயே நடந்தது. திரையில் முறுக்கக் கோடு ஏறி, 4,000 சுற்றுக்கு அருகில் ஒரு குழியில் இறங்கி, மீண்டும் ஏறியது. பதிவைத் திறந்து பார்த்தபோது அந்தக் கட்டத்தில் 18 பாகை என்று எழுதியிருந்தது. ஆனால் நொக் கேட்டுக் கேட்டு ஈ.சி.யு. 18 க்கும் 12 க்கும் இடையில் ஊசலாடிக்கொண்டிருந்தது. டியூனர் அங்கே 15 என்று எழுதினார். அயலிலிருந்த கட்டங்களையும் அதற்கேற்பத் தணித்தார். அடுத்த ஓட்டத்தில் எண் 15 இலேயே நிலைத்து நின்றது, குழி நிரம்பியது. எண்ணைக் குறைத்ததால் முறுக்கம் கூடிய அந்த ஒரு கட்டம், ரீமேப் என்றால் என்னவென்று நூறு விளக்கங்களைவிடத் தெளிவாகச் சொல்லும். நொக் இல்லாத உயர்ந்த சுற்றுகளில் அவர் ஒவ்வொரு பாகையாகக் கூட்டினார். முறுக்கம் கூடாத இடத்தில் உடனே பழைய எண்ணுக்குத் திரும்பினார்.

எண்களை ஈ.சி.யு.வுக்குள் எழுதும் வேலை பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள சோதனைச் சொக்கற் வழியாக நடக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் அழுத்தம் விழுந்தால் ஈ.சி.யு. பாதி எழுத்தோடு நின்று, கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதனால் பற்றரிக்குத் துணையாக நிலையான மின்வழங்கி ஒன்றை இணைப்பார்கள். ஆலையின் மூலக் கோப்பை முதலில் பிரதியெடுத்து, அதன் ஒரு பிரதியை உரிமையாளரிடமும் கொடுக்க வேண்டும். அதைத் தர மறுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று விளம்பரங்களில் வருவதற்கு எல்லோரும் ஏற்ற வரையறை கிடையாது. பொதுவாக, பாகங்கள் எதையும் மாற்றாமல் மேப்பை மட்டும் மாற்றுவதை ஸ்டேஜ் 1 என்றும், புகைக்குழாயையும் காற்றுவழியையும் மாற்றி அவற்றுக்கேற்ப மேப் எழுதுவதை ஸ்டேஜ் 2 என்றும் சொல்வார்கள்.

வலு கூடிய பின்

கூடிய முறுக்கம் கிளச், கியர்பெட்டி, பிரேக் எல்லாவற்றிலும் ஏறும். மிதிக்கும்போது சுற்று ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளச் நழுவுகிறது என்று பொருள். ஒயிலை முன்னதைவிடக் குறைந்த இடைவெளியில் மாற்றுவது நல்லது. உத்தரவாதம் இருக்கும் காருக்கு அது அற்றுப்போகலாம். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்காவிட்டால் விபத்துக்குப் பின் வழக்காடிக்கொண்டிருக்க நேரும்.

வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை உண்டு. பெற்றோல் காரில் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் அளக்கப்படுகின்றன. ஒழுங்காக எழுதப்பட்ட மேப் இதில் தவறாது. புகைக்குழாயில் நச்சு வாயுக்களைத் தூய்மையாக்கும் ஊக்கி மாற்றியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் எச்சரிக்கை விளக்கை மேப்பில் அணைத்து வைப்பது ஏமாற்று வேலை. அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் முச்சக்கர வண்டியில் வரும் குடும்பம். மிதியை விட்டவுடன் புகைக்குழாயில் பட பட என்று வெடிக்கும் ஓசையை மேப்பில் எழுதித் தரச் சொல்வதும் இப்போது பரவியிருக்கிறது. பெற்றோலை வேண்டுமென்றே புகைக்குழாய்க்குள் எரியவிடுவதால் எழும் ஓசை அது. வலு ஒரு துளியும் கூடாது, ஊக்கி மாற்றியும் வெந்து போகும். வேகத்தைச் சோதிக்க விரும்புவோருக்குக் கட்டுக்குருந்தை ஓடுபாதையும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியும் இருக்கின்றன. கொழும்பின் மரைன் டிரைவ் வீதி அதற்கான இடமல்ல.

கடைசியாக ஒன்று. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிக் கிடைத்த ரகத்தை அடித்துக்கொண்டு போக வேண்டியிருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். 95 க்காக எழுதப்பட்ட கார்களும் அப்போது 92 இல் ஓடின. ஆகவே மேப் எழுதுவிக்கும்போதே, தீப்பொறியும் டர்போ அமுக்கமும் தணிந்த இரண்டாவது மேப் ஒன்றை 92 க்கென எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.யு. அதற்கு இடம் கொடுக்காவிட்டால், 92 தாங்கியில் இருக்கும் வரை பாதி மிதிக்கு மேல் போகாமல், உயர்ந்த கியரில் மேடேறாமல், 3,500 சுற்றுக்குள் ஓட்டுங்கள். அடுத்த தடவை 95 கிடைத்தாலும், பழைய பெற்றோல் பெரும்பாலும் தீர்ந்த பிறகே காரை முழுதாக மிதியுங்கள்.